முதுகுவலியைப் போக்குபவருக்கே முதுகுவலி!

பல் மருத்துவருக்குப் பல்வலி வந்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் பயிற்சி கொடுத்துக் குணப்படுத்துகிறவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். அவர்களுக்கே அந்த வலிகள் வந்தால்? சிரிக்க வேண்டாம். இதில் நீங்கள் வகுப்பில் படித்த நெம்புகோல் பாடம் ஒளிந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிசியோதெரபிஸ்டுகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வினாத்தாளுக்கு விடை எழுதி அனுப்பியிருந்தார்கள். 100-க்கு 91 பேர், தம் வேலையினால் உடம்பில் எங்கேனும் வலி வந்ததுண்டு என்று சொன்னார்கள். முதலிடம் கீழ்முதுகுக்கு; அடுத்தது கழுத்து. ஆறு பேரில் ஒருவர் இந்த வலிகள் காரணமாகத் தம் பிரிவை மாற்றிக்கொண்டார், அல்லது தொழிலையே விட்டார்.

இன்னொரு வியப்பு. வயதானவர்களைவிட இளைஞர்களுக்கே வலி அதிகமாக இருந்தது! வயதாக ஆக முதுகு உறுதிப்படுகிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். வலி பொறுக்காமல் தொழிலை விட்டுப் போனவர்கள் பலர் இத்தகைய கணக்கில் அகப்படுவதில்லை. தாக்குப்பிடித்து நின்றவர்களே மூத்தவர்களாக எஞ்சுகிறார்கள். புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ‘இதில் யார் விட்டுப்போனார்கள்?’ என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, வலி ஏன் வருகிறது? முதலில் முதுகெலும்பைப் பார்ப்போம். அது ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 தனித்தனி முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே மெத்தைபோல வட்டுகள் உள்ளன. வட்டின் நடுவில் கூழ். சுற்றிலும் நார் வளையம். பகலெல்லாம் நாம் நிற்பதாலும் உட்கார்வதாலும் வட்டுகள் நசுங்கிச் சிறிது நீரை இழக்கின்றன. இரவில் படுத்தவுடன் மீண்டும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. ஆகவே மாலையில் உங்கள் உயரம் காலையில் இருந்ததைவிட ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள்.

இப்போது ஒரு கனமான புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கைகளை முன்னால் நீட்டி அதே புத்தகத்தைப் பிடியுங்கள். எடை மாறவில்லை, கை மட்டும் கெஞ்சுகிறது. நெம்புகோலில் பளுவின் தூரம் கூடினால் அதைத் தாங்கத் தேவையான விசையும் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குனியும்போது நம் முதுகும் ஒரு நெம்புகோல்தான். கீழ்முதுகில் உள்ள வட்டு ஆதாரப் புள்ளி. அதற்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி முதுகுத் தசைகள் இழுக்கின்றன. முன்னால் தொங்குபவை தலை, மார்பு, கைகள், கையில் உள்ள சுமை எல்லாம்.

ஒரு பிசியோதெரபிஸ்டின் எடை 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இடுப்புக்கு மேலே உள்ள பாகம் அதில் பாதி, 30 கிலோகிராம். பக்கவாதத்தால் செயலிழந்த ஒருவரின் காலைத் தூக்கிப் பயிற்சி கொடுக்க அவர் தாழ்வான கட்டிலின்மேல் குனிகிறார். ஒரு கால்தானே என்று எண்ணாதீர்கள். வளர்ந்த மனிதரின் ஒரு கால் சுமார் 10 கிலோகிராம் இருக்கும். குனிந்த உடலின் எடை வட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்திலும், நோயாளியின் கால் 40 சென்டிமீட்டர் தூரத்திலும் இருந்தால்:

30 × 25 = 750
10 × 40 = 400

மொத்தம் 1150. இதைத் தசையின் தூரமாகிய 5-ஆல் வகுத்தால் 230. அதாவது, ஒரு காலைத் தூக்க முதுகுத் தசை 230 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும்! அந்த இழுப்பு முழுவதும் வட்டை நசுக்குகிறது. கணக்கு தோராயமானதுதான். ஆனால் உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை.

எப்படித் தெரியும்? வட்டுக்குள் அழுத்தத்தை நேராகவே அளந்திருக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களிலேயே இதைத் தொடங்கிவைத்தார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும், 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் கீழ்முதுகு வட்டில் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். குப்புறப் படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல். நிற்கையில் 0.5. முன்னால் குனிகையில் 1.1. முதுகை வளைத்து 20 கிலோகிராமைத் தூக்குகையில் 2.3! மோட்டார் கார் சக்கரத்துக் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல்தான். ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 20 கிலோகிராமை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தபோது அழுத்தம் 1.1 மட்டுமே.

பெட்டியென்றால் உடம்போடு ஒட்டிப் பிடித்துவிடலாம். நோயாளி பெட்டியல்ல. பிடிக்கக் கைப்பிடி கிடையாது. நடக்கப் பழகும்போது சட்டென்று முழங்கால் மடங்கிச் சாய்ந்துவிடுவார். விழ விடலாமா? எந்த நிலையில் நின்றிருந்தாலும், உடலை முறுக்கியாவது பிடித்தாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைக் கையால் தூக்கும் பளு, வசதியான நிலையில்கூட ஏறத்தாழ 16 கிலோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2007-இல் எழுதினார். ஒரு முழு மனிதர் எத்தனை 16 கிலோகிராம்!

கழுத்தின் கதை வேறு. அங்கே பெரிய சுமை இல்லை. சுமார் 5 கிலோகிராம் எடையுள்ள தலைதான். ஆனால் நோயாளியின் தோளையோ முழங்காலையோ பிடித்துவிடும்போது, கைகள் வேலை செய்யும் இடத்தையே பார்த்துக்கொண்டு தலை குனிந்திருக்கிறது. அதைக் கீழே விழாமல் பிடித்திருக்கும் பின்கழுத்துத் தசைகள் ஓய்வின்றி இறுகி இருக்கின்றன. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களையே நெருக்குகிறது. வேண்டிய ஆக்சிஜன் வந்து சேராமல் தசை களைத்து வலிக்கிறது. தேர்வுக்கு முதல்நாள் இரவு நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள்.

இவ்வளவும் பிசியோதெரபிஸ்டுகளுக்குத் தெரியாததா? தெரியும். பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள்தான். விக்டோரியாவில் ஆய்வு செய்த அதே குழுவினர், வலியால் வேலையை மாற்றிக்கொண்டவர்களைச் சந்தித்துப் பேசி 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் அறிவும் திறமையும் தங்களைக் காப்பாற்றிவிடும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். ‘நானே முதுகுவலிக்காரன்’ என்று வெளியே சொல்லவும் கூச்சம். ஆனால் தாழ்ந்த கட்டிலில் குனிந்தவர் பட்டதாரியா பாமரரா என்று வட்டுக்குத் தெரியாது. 25 சென்டிமீட்டர் எல்லோருக்கும் 25 சென்டிமீட்டர்தான்.

ஆகவே, மாற்ற வேண்டியது தூரத்தை. கட்டிலின் உயரத்தை ஏற்றி இறக்க முடிந்தால் என்ன ஆகும்? உடலின் எடை 8 சென்டிமீட்டர் தூரத்துக்கும், நோயாளியின் கால் 30 சென்டிமீட்டர் தூரத்துக்கும் நெருங்கி வந்துவிட்டது என்று கொள்வோம். மேலே போட்ட கணக்கை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். 230 என்பது 108 ஆகிவிடும்! மிதித்தால் உயரும் ஒரு கட்டில், முதுகின் பாரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது.

விக்டோரியாவில் செவிலியர் சங்கம் 1998-இல் ‘கையால் தூக்குவதில்லை’ என்ற கொள்கையை அறிவித்தது. நோயாளியை வாரில் உட்கார வைத்துத் தூக்கும் இயந்திரங்களும், படுக்கையில் நகர்த்த வழுக்குத் துணிகளும் அதற்குத் துணையாயின. செவிலியருக்கு இது நேரான தீர்வு. பிசியோதெரபிஸ்டுக்கோ ஒரு சங்கடம் உண்டு. இயந்திரமே முழுக்கத் தூக்கி நிறுத்திவிட்டால் நோயாளியின் கால்கள் எப்போது பழகும்? எனவே கூரையிலிருந்து தொங்கும் வார்க்கச்சையை நோயாளிக்கு மாட்டி, அவர் எடையில் ஒரு பங்கை மட்டும் இயந்திரம் சுமக்க, மீதியை அவர் தம் கால்களிலேயே தாங்கி அடியெடுத்து வைக்கும் முறை பல மருத்துவமனைகளில் வந்திருக்கிறது. அவர் தடுமாறினால் வார் பிடித்துக்கொள்ளும். அருகில் நிற்பவர் நிமிர்ந்தபடியே, ‘அடுத்த அடி வையுங்கள்’ என்று சொல்லலாம்.