மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வன்னியில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எனினும் இங்கிலாந்தில் பிறந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் நோயாளரைச் சுமந்து ஓடின. எவ்வாறு?

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரம் அதனைப் பொறுத்துக்கொண்டது. புகையும் கரியுமே அதற்குரிய விலை. அடிக்கடி பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். உதிரிப்பாகம் வேண்டின், ஓடாத காரொன்றின் உறுப்பே ஓடும் காருக்கு உயிரளித்தது.

2002 இல் ஏ9 வீதி திறந்தது, பெற்றோலும் வந்தது. மாணவர்களே, உதிரிப்பாகத்தை இன்று விலைக்கு வாங்கலாம். அக்கைகளின் அறிவு மறைந்தால் எக்கடையில் வாங்குவோம்? முதிய மெக்கானிக்குகள் வாழும்போதே கேட்டறிந்து எழுதிவைப்பீராக!