மின்னூற் கருவி: வாங்குமுன் எண்ணத்தக்கன

மின்னூற் கருவிகளுள் எதனை வாங்குவது என்னும் வினாவை மாணவரும் ஆசிரியரும் இன்று அடிக்கடி எழுப்பக் கேட்கிறோம். விலையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்து முடிவு செய்வோரே மிகுதி. தாம் படிக்கப்போவது எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோர் சிலரே. தமிழ் படிப்போர்க்கு இவ்வரையறை மிகவும் இன்றியமையாததாகும்.

கைப்பேசித் திரை ஒளியை உமிழ்வது. மின்னூற் கருவியின் திரையோ மின்மை என்னும் நுட்பத்தால் ஆனது. நுண்ணிய குமிழ்களுக்குள் மின்னூட்டம் பெற்ற கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழிறங்க, எழுத்துத் தோன்றுகிறது. தோன்றிய பக்கம் அவ்வாறே நிற்பதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆதலின் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கும். தாளைப்போல் புறவொளியை எதிரொளிப்பதால் வெயிலிலும் படிக்கலாம். இத்தகைய திரை 2004-இல் சோனி நிறுவனத்தின் லிப்ரியே கருவியிலும், 2007-இல் அமேசானின் கிண்டிலிலும் வந்தது.

நாவலும் கட்டுரையும் படிப்போர்க்கு 6 அங்குலத் திரையே போதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து இடங்கொள்ளும். பார்வை குன்றிய முதியோர்க்கு இது பெருங்கொடை எனலாம். ஆயின் செய்யுள் படிப்போர்க்கு இதுவே இடையூறாகிறது. சீறாப்புராணத்து விருத்தம் ஒன்றைச் சிறு திரையில் பெரிய எழுத்தில் வைத்துப் பாருங்கள். ஓரடி மூன்றாக ஒடிந்து, சீர் எங்கே முடிகிறது, அடி எங்கே தொடங்குகிறது என்று விளங்காமற் போகும். கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் ஓரளவு சீர்ப்படும்.

நம் துறையினர் பெரிதும் நாடுவன பழைய பதிப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழம்பதிப்புகள் பக்கம் பக்கமாக எடுக்கப்பட்ட படங்களே. படத்தில் வரி மடியாது. பெரிதாக்கினால் இடமும் வலமுமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அத்துன்பத்தைப் பத்துப் பக்கத்திற்குமேல் யாரும் பொறுக்கமாட்டார். அரபுத்தமிழ் நூல்களின் நிலையும் இதுவே. அரபு எழுத்தில் கல்லச்சிலே பதிக்கப்பெற்ற அந்நூல்களை இன்று பெரும்பாலும் படமாகவே காண இயலும். இவற்றை ஆய்வோர் 10 அங்குலத் திரைக்குக் குறைந்து வாங்குதல் வீண்செலவு. விலை மிகும் என்பது உண்மையே. இயலாதோர்க்குக் கல்லூரி நூலகத்துக் கணினியே மேல்.

எழுத்துருச் சிக்கலும் ஒன்று உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சீறாப்புராணம் உள்ளிட்ட இலக்கியங்களை ஒருங்குறியில் இலவசமாக வழங்குகிறது. ஆனால் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் கருவியில் வெறும் குறிகளாகவே தெரியும். அவற்றை முன்னரே மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்குமுன் தம் கோப்பு ஒன்றைக் கருவியில் திறந்து, 'கொ', 'சௌ' போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என நோக்குதல் நன்று. விற்பனையாளர் இதற்கு முகஞ்சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

இனி, உடைமை பற்றியது. சமுதாயப் பெரியோர் இதனைக் கருதல் வேண்டும். அச்சு நூலை விலைக்கு வாங்கியவர் மகனுக்குக் கொடுக்கலாம். மதரஸா நூலகத்திற்கு வக்பு செய்யலாம். நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றின் பழஞ்சேர்க்கை இவ்வாறு வந்ததே. மின்னங்காடியில் பெறும் நூலுக்குப் பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே கிட்டுகிறது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. அலமாரியில் உள்ள நூலை எந்தக் கடைக்காரரும் இரவோடு இரவாக எடுத்துச் செல்வதில்லை. பூட்டில்லாத ஈபப் கோப்பைத் திறக்கும் கருவி இவ்வகையில் சிறந்தது. ஒரு கருவி பழுதுற்றாலும் அதே கோப்பினை வேறொன்றில் படிக்கலாம். மதுரைத் திட்டத்து நூல்களை அவற்றின் முகப்புக் குறிப்போடு யாவர்க்கும் படியெடுத்து வழங்கத் தடையில்லை.