கடைமடைக்கும் நீர் வரும்

மேட்டூர் அணையினின்று திறந்துவிடப்படும் காவிரி நீர் தலைமடை வயல்களை முதலில் நனைக்கும். கடைமடையாகிய முத்துப்பேட்டைப் பகுதியைப் பல நாள் கழித்தே அடையும். ஆயினும் அங்குள்ள உழவர், நீர் தாமதித்து வருகின்றதென்று சோர்ந்து நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவதில்லை. வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பை உயர்த்தி, வந்த நீரைத் தேக்கி நெல் விளைவிக்கின்றனர். கல்வியும் இத்தகையதே. கேட்டவுடன் பற்றிக்கொள்வோர் சிலர். பன்முறை பயின்றே பற்றிக்கொள்வோர் பலர். பின்னவரும் செவிலியர் பயிற்சி போன்ற அரிய கல்வியில் வெற்றி பெறலாம்.

செவிலி என்னும் சொல் பழந்தமிழில் வளர்ப்புத் தாயைக் குறித்தது. இன்று அது நோயாளரைப் பேணுவோரைக் குறிக்கின்றது. இப்பணிக்குரிய முறையான பயிற்சிப் பள்ளியைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தோற்றுவித்தார். அங்குப் பயின்றோரிடம் காலந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகிய பண்புகள் உள்ளனவா என்று மாதந்தோறும் ஏட்டில் குறிக்கப்பட்டன. இவை யாவும் பழக்கத்தால் வருவன. விரைந்த அறிவு உடையோர்க்கு மட்டும் உரியன அல்ல. தமிழகத்தில் 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும், 1909-இல் ஐடா ஸ்கடர் அம்மையாரின் முயற்சியால் வேலூரிலும் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று.

இப்பயிற்சியில் உடற்கூறு, மருந்தியல், நோயியல் எனக் கற்க வேண்டியவை மிகுதி. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருத்தலின், தமிழ் வழியில் பயின்று வந்தோர்க்குத் தொடக்கத்தில் இருமடங்கு உழைப்பு வேண்டும். அவர்கள் ஒரே இரவில் நூல் முழுவதையும் படிக்க முயல்வது பயன் தராது. எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றது முதற்சில மணி நேரத்தில் மிக விரைவாக மறக்கின்றது. பின்னர் மெல்ல மறக்கின்றது. பல நாள்களில் பகிர்ந்து பயின்றால் நெடிது நிற்கின்றது என்பன அவர் கண்ட உண்மைகள். ஆகவே பகலில் கற்றதை இரவில் நூலை மூடிவைத்து நினைவுகூர்தல் வேண்டும். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். தமிழிலே தோழர்க்கு விளக்கிச் சொல்லுதலும் நன்று; எவ்விடத்தில் சொல் தடைப்படுகின்றதோ அவ்விடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

கணக்கையும் இவ்வாறே படிப்படியாகப் பழகலாம். 500 மில்லிலிட்டர் நீர்மத்தை 4 மணி நேரத்தில் சிரை வழியே செலுத்த வேண்டுமென்று கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயாயின், மொத்தத் துளிகள் 10,000. நேரமோ 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 துளி வரும். இதனை நாள்தோறும் வெவ்வேறு எண்களைக் கொண்டு செய்து பார்ப்பவர்க்கு அச்சம் நீங்கும். கை தானே பழகும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது, தெரியாததைத் தெரியாதென்று கூறும் துணிவு. பள்ளித் தேர்வில் ஒரு விடை தவறினால் மதிப்பெண்ணே குறையும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினாலோ, மருந்து பத்து மடங்காகி உயிருக்கே கேடு நேரலாம். இதனாலன்றோ மருந்து கொடுக்குமுன் நோயாளர், மருந்து, அளவு, நேரம், செலுத்தும் வழி ஆகிய ஐந்தும் சரியானவையா என்று பார்க்கச் செவிலியர்க்குக் கற்பிக்கின்றனர்! விரைந்து கற்றவர் தம் நினைவை நம்பி இதனைத் தவறவிடுதலும் உண்டு. மெல்லக் கற்பவரோ ஐயம் தோன்றினால் மூத்த செவிலியரை வினவி, மீண்டும் ஒருமுறை சரிபார்த்துப் பழகியவர்.

கட்டிலில் கிடக்கும் நோயாளர், தம்மைப் பேணுபவர் பாடத்தை எத்தனை நாளில் கற்றார் என்று கேட்பதில்லை. அவர் வேண்டுவது பிழையற்ற கையும் கனிந்த முகமுமே. மெல்லக் கற்றாலும் பிழையறக் கற்பதே செவிலியர்க்கு அழகு.