அஞ்சல் வழியே ஆரம்ப சுகாதாரப் படிப்பு - சேருமுன் அறிய வேண்டியவை

விவசாயக் குடும்பங்களில் பத்தாம் வகுப்போடோ பன்னிரண்டாம் வகுப்போடோ படிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் பலர். அவர்களில் பெண்களே அதிகம். கறவை மாட்டையும் களையெடுப்பையும் விட்டுவிட்டு, வெளியூர் சென்று தங்கிப் படிக்க இவர்களால் இயலாது. இத்தகையோர் வீட்டிலிருந்தபடியே உணவு, சத்து, நோய்த் தடுப்பு ஆகியவை பற்றிய ஆரம்பப் பாடங்களைப் படித்துச் சான்றிதழ் பெறத் தொலைநிலைக் கல்வி வழி செய்தது. ஆயினும் இப்படிப்பால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அறிந்த பின்பே பணம் கட்ட வேண்டும். அண்மையில் விதிகளும் மாறியிருக்கின்றன.

தூரத்திலிருந்து கற்றுக்கொள்வது விவசாயிகளுக்குப் புதிய செய்தியல்ல. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சை வட்டாரத்தில் பரவியபோது, அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டே பலர் தெரிந்துகொண்டனர். அதனால் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. வானொலியில் கேட்பதோடு வேலை முடிந்துவிடும். தொலைநிலைப் படிப்பிலோ பாடம் புத்தகமாக வீட்டுக்கு வரும். அதைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். முடிவில் தேர்வும் எழுத வேண்டும்.

நம் நாட்டில் 1962இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் ஏற்பட்டன. முன்னர் அஞ்சல் வழியில் பெரும்பாலும் பட்டப் படிப்புகளே இருந்தன. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்த பிறகே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் பெருகின.

480 மணி நேரம்

இந்திரா காந்தி பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் நடத்திவந்த உணவு மற்றும் சத்துணவுச் சான்றிதழ்ப் படிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் சேரப் பள்ளிச் சான்று எதுவும் கேட்கப்படவில்லை. குறைந்த அளவு ஆறு மாதத்தில் முடிக்கலாம்; முடியாவிட்டால் இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. படிப்பின் அளவு 16 'கிரெடிட்'. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 480 மணி நேரம். புத்தகம் படிப்பது, விடைத்தாள் எழுதுவது, செய்முறை யாவும் இதில் அடக்கம்.

ஆறு மாதத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 18 மணிக்கு மேல் ஒதுக்க வேண்டும். நாற்று நடவும் அறுவடையும் உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமல்ல. ஓர் ஆண்டில் பரப்பினால் வாரத்துக்கு 9 மணி சொச்சம்; அதாவது அன்றாடம் ஒன்றேகால் மணி நேரம். விளக்கு வைத்த பிறகு இந்த நேரத்தை ஒதுக்கிவிடலாம். ஆகவே 'ஆறு மாதப் படிப்பு' என்று விளம்பரத்தில் கண்டாலும், விவசாய வீட்டார் அதை ஓர் ஆண்டுப் படிப்பாகவே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

சேரும் பருவத்தையும் பயிர்ப் பருவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இப்பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடைபெறும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவை நாற்றங்கால் வேலையும் ஜூன் தேர்வும் ஒன்றோடொன்று மோதும். சம்பா மட்டும் செய்வோருக்கு இந்த இடைஞ்சல் இல்லை. தை, மாசி அறுவடை முடிந்ததும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஓய்வு கிடைக்கும். ஜனவரியில் சேர்ந்து, இயன்ற பாடங்களை ஜூனிலும் மற்றவற்றை டிசம்பரிலும் எழுதலாம். மானாவாரி விவசாயிகளுக்கும் இதுவே பொருந்தும். கிணற்றுப் பாசனத் தோட்டக்காரர்களுக்குத்தான் ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. அவர்கள் இரண்டு ஆண்டு அவகாசத்தையும் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

வயலுக்கும் அடுப்படிக்கும் என்ன பயன்?

இப்படிப்பால் வேலை கிடைக்குமா என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. இதை நம்பி வேலையை எதிர்பார்ப்பது சரியல்ல. ஆனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பயன் சிறிதன்று.

கேழ்வரகையே பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்கே உண்டு. கேழ்வரகு விளைவித்து அதை முழுவதும் விற்றுவிட்டு, வீட்டுக்கு அரிசி வாங்கும் குடும்பம் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், இரண்டு மூட்டையாவது வீட்டுக்கு நிறுத்திவைக்கும்.

இரத்த சோகைக்கும் இப்படியே. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. அதே வேளையில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்து உண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறைந்துபோகும். வரப்போரம் ஒரு முருங்கை, கொல்லையில் ஓர் எலுமிச்சை, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தல் - இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் சோகை முற்றியிருந்தால் உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து மாத்திரை பெற வேண்டும்.

உணவைச் சேமித்து வைக்கும் பாடம் விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமானது. நிலக்கடலையைச் சரிவரக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் ஒருவகைப் பூசணம் பிடிக்கும். அது உண்டாக்கும் 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுவதும் நீங்காது. காய்களைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை, அதாவது ஈரப்பதம் 8 சதத்துக்கு வரும் வரை காயவைத்தால் இந்த அபாயம் வெகுவாகக் குறையும். பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி, விற்க முடியாததை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அறவே விட்டுவிட வேண்டும். மாட்டுக்கும் போடக் கூடாது.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். குழந்தை சோர்ந்து போனாலோ கண் குழி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இவை சின்னச் செய்திகள்தாம். ஆனால் நள்ளிரவில் பேருந்து இல்லாத ஊரில் தாய்க்கு இவை தெரிந்திருப்பது அவசியம்.

வைத்தியம் செய்ய உரிமை இல்லை

தபாலில் படித்தால் டாக்டர் ஆகலாம், நர்ஸ் ஆகலாம் என்று ஆசை காட்டிப் பணம் பறிப்போர் இருக்கிறார்கள். இதை நம்பக் கூடாது. துணைச் செவிலியர் படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் நேரில் படித்துப் பயிற்சி பெற வேண்டியது. பதிவு பெறாமல் மருத்துவம் செய்வது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி குற்றம். ஓர் ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊசி போடுவதும் குளுக்கோஸ் ஏற்றுவதும் சான்றிதழ்ப் படிப்பு படித்தவர் செய்யும் வேலையல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு-சத்துணவு அறிவியல் முதலிய, மருத்துவத்தைச் சார்ந்த படிப்புகளை 2025ஆம் ஆண்டு ஜூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. நேரில் பயிற்சி இல்லாமல் இத்துறைகளில் ஆட்களை உருவாக்கக் கூடாது என்பது இதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். எனினும் வேலைக்காக அன்றி வீட்டுக்காகப் படிக்க விரும்பும் கிராமத்துப் பெண்களுக்கு வாசல் குறுகுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே, பழைய விளம்பரத்தையோ முன்பு படித்தவர் சொன்னதையோ நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள இந்திரா காந்தி பல்கலைக்கழக மண்டல மையத்திலும், சென்னை சைதாப்பேட்டையிலுள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: இந்தப் பருவத்தில் இப்படிப்புக்குப் புதிய சேர்க்கை உண்டா, புத்தகம் தமிழில் வருமா, தேர்வு மையம் எந்த ஊரில் உள்ளது. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே கட்ட வேண்டும். இடைத்தரகர் கையில் கொடுக்கக் கூடாது. உணவு பதப்படுத்துதல், காளான் வளர்ப்பு போன்றவற்றில் ஆர்வமுள்ளோர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககத்தையும் அணுகலாம்.

சேர்ந்த பிறகு

பாடத்தைத் தனியே படிப்பதைவிட வீட்டில் ஒருவர் கேட்க உரக்கப் படிப்பது மனத்தில் பதியும். கேட்பவர் பள்ளி செல்லும் பிள்ளையாகவும் இருக்கலாம். விளங்காத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, கிராம சுகாதாரச் செவிலியர் ஊருக்கு வரும் நாளில் கேட்கலாம். விடைத்தாளைச் சொந்த நடையில் எழுத வேண்டும். பொதுவாக மதிப்பெண்ணில் 30 சதம் விடைத்தாளுக்கும் 70 சதம் தேர்வுக்கும் கிடைக்கும். விடைத்தாளை அனுப்புமுன் நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். விடைத்தாள் வந்து சேரவில்லை என்று பதில் வந்தால் அந்தச் சீட்டுத்தான் கைகொடுக்கும்.

சேர்க்கைக் கட்டணம் கட்டியதோடு தேர்வுக்கும் பெயர் பதிவாகிவிட்டது என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். தேர்வு விண்ணப்பத்தையும் அதற்கான கட்டணத்தையும் குறித்த தேதிக்குள் தனியே செலுத்த வேண்டும். அந்தத் தேதி பெரும்பாலும் அறுவடையோ நடவோ மும்முரமாக இருக்கும் நாளில்தான் வரும். ஆதலால் நாட்காட்டியில் முன்னதாகவே குறித்து வைப்பது நலம்.