தங்கியிருக்க ஒரு முத்திரை

விசா என்னும் சொல் இன்று வன்னியில் எவருக்கும் புதியதன்று. கனடாவுக்கும் பிரான்சுக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அதனை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். ஆயின், இலங்கையிலேயே பிறந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் கமஞ்செய்துகொண்டு, இங்கே தங்கியிருப்பதற்காகவே விசா நீடிப்புக் கேட்டு நின்ற மக்களும் நம்மிடையே இருந்தனர். இதனை இளையோர் பலர் அறியார். அவர்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடவுச்சீட்டு வேறு, விசா வேறு. ஒருவர் எந்நாட்டுப் பிரசை என்பதைக் காட்டுவது கடவுச்சீட்டு. அதனை வழங்குவது அவருடைய நாடு. அவர் பிறிதொரு நாட்டில் எவ்வளவு காலம், எந்நோக்கத்துக்காகத் தங்கலாம் என்பதைக் காட்டுவது விசா. அதனை வழங்குவது அவர் வசிக்கும் நாடு. கடவுச்சீட்டின் காலம் முடியுமாயின் விசாவை நீடிக்க இயலாது. ஆதலால் நீடிப்பு வேண்டுவோர் இரு வாயில்களைத் தட்ட வேண்டும். அதுவும் முறை மாறாமல் தட்ட வேண்டும். இன்னொன்றையும் மறத்தலாகாது. விசா நீடிப்பு என்பது உரிமையன்று, கேட்டுப் பெறும் இசைவு.

மலையகத் தோட்டங்களிற் பிறந்தவர்கள் இவ்வாயில்களுக்கு எவ்வாறு வந்தனர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரைப் பிரசைகள் அல்லாதோராக்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி, பிரசை அல்லாதவர் தங்கியிருக்க அனுமதி வேண்டியதாயிற்று. பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1974இல் அந்த எஞ்சியோரையும் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சந்தையிற் பொருளைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள் என்று அக்காலத்து மக்கள் சொன்னதிற் பிழை காண என்னால் இயலவில்லை.

அந்த உடன்படிக்கையில் ஒரு சலுகையும் இருந்தது. இந்தியா செல்லவேண்டியவர்களுக்குப் புறப்படும் நாள்வரை விசா இலவசமாக வழங்கப்படும். தொழிலில் இருந்தோர் அந்நாள்வரையிலோ 55 வயதுவரையிலோ, எது முந்துகிறதோ அதுவரையில், வேலை செய்யலாம். விசா இலவசமே; அதனைப் பெறச் செல்லும் வழி இலவசமன்று. கடவுச்சீட்டுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகம், விசாவுக்குக் கொழும்பு. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து, தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய ஊர்களிற் குடியேறியவர்களுக்கு அந்த வழி இன்னும் நீண்டது.

1982ஆம் ஆண்டு என் நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு வயது 12. அயற்காணியில் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தமது நீல நிறக் கடவுச்சீட்டுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். விசா முடிவதை அறிவித்த கடிதம் அவர் விட்டுவந்த தோட்டத்து முகவரிக்குச் சென்று, பலர் கைமாறி, காலங்கடந்தே அவரிடம் சேர்ந்திருந்தது. என் தந்தையார் சொல்லச் சொல்ல நான் விண்ணப்பத்தை எழுதினேன். தொடர்ந்து தங்குவதற்கான காரணம் யாது என்ற வினா வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னத்த எழுதச் சொல்றது தம்பி? நான் பொறந்ததே இங்கதானே," என்றார் அவர்.

தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், இந்தியா செல்லும் ஏற்பாடுகள் நிறைவுறாமையால் என்று எழுதச் சொன்னார். அந்த விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. கடவுச்சீட்டில் 'முத்தையா' என்றும் பிறப்புப் பதிவில் 'முத்தன்' என்றும் தகப்பன் பெயர் இருந்ததே குற்றம். அதனைத் திருத்தச் சத்தியக்கடதாசி முடித்து மறுபடியும் அனுப்பினோம். நீடிப்புக் கிடைத்தது. அதற்குள் ஒரு போகம் மிளகாய் பழுத்து உதிர்ந்துவிட்டது.

1984இல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கப்பற் சேவை நின்றது. செல்லவேண்டியவர்கள் செல்ல வழியில்லை. தங்கியவர்களுக்கோ விசா முடிந்துகொண்டிருந்தது. பின்னர் வந்த போரும் இடப்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களை அழித்தன. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களுக்கு வழி திறந்ததேயன்றி, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்களுக்கு அன்று. அவர்களுக்கு வழி பிறந்தது 2003இல். பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தோர், இலங்கைப் பிரசாவுரிமையைத் தாமே விரும்பி ஏற்பதாக ஒரு பிரகடனஞ் செய்து சான்றிதழ் பெறவேண்டியிருந்தது.

பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தந்தையின் கடவுச்சீட்டிற் பிள்ளையாகப் பெயர் பொறிக்கப்பட்டிருந்த மகள், அப்போது ஆசிரியனாயிருந்த என்னிடம் வந்தாள். அந்தப் பழைய சீட்டைப் பொலித்தீன் பையிற் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்திருக்கிறாள். முன்பக்கம் நீரூறி எழுத்து மங்கியிருந்தது. விசா முத்திரைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக இருந்தன. அவரை அந்நியர் என்று சொல்லி இட்ட முத்திரைகளே, அவர் இந்நாட்டை விட்டு நீங்காது வாழ்ந்தார் என்பதற்கு அன்று சான்றாயின. ஆகவே, வீட்டில் அத்தகைய பழைய சீட்டு இருப்பின் பயனற்றதென்று எறிந்துவிடாதீர்கள்.

மாணவரின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. சென்ற ஆண்டு அந்த மகளின் மகனுடைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தாயின் பிரசாவுரிமைச் சான்றிதழின் பிரதி அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. தகப்பன் பெயரின் எழுத்துகளை இருமுறை ஒப்புநோக்கிய பின்னரே கையொப்பமிட்டேன்.