‘சூப்பரா இருக்கு ப்ரோ’ - இந்தப் பதிலை வைத்து என்ன செய்வது? புது ஆப்பின் முதல் பயனர்களிடம் கேட்க வேண்டியது எது?

ராத்திரி 11 மணி. ஆப் ரெடி. காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டாச்சு. ‘ட்ரை பண்ணிட்டு ஃபீட்பேக் சொல்லுங்க மக்களே’ என்று கூடவே ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல், நெருப்பு, இதயம் என எமோஜிகள் கொட்டுகின்றன. ‘வேற லெவல் டா’, ‘சூப்பரா இருக்கு ப்ரோ’. இரண்டு நாள் கழித்து டாஷ்போர்டைத் திறந்து பார்த்தால், ஆப்பை இரண்டாவது முறை திறந்தவர்கள் மூன்றே பேர்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் அந்த எமோஜி கூட்டத்தைச் சேர்ந்த ஆள். நண்பன் ஒருவன் வீட்டுச் செலவுக் கணக்கு எழுத ஒரு ஆப் செய்து அனுப்பினான். முதல் திரையிலேயே போன் நம்பர் கேட்டது. கொடுத்தேன். ஓடிபி வரவே இல்லை. மூடிவிட்டு, ‘செம டா’ என்று மெசேஜ் போட்டேன். என்னைப் போலவே வேறு சிலருக்கும் ஓடிபி வரவில்லை என்பது அவனுக்குத் தெரியவந்தது 12 நாள் கழித்து. அதுவரை கலரை மாற்றுவதிலும் லோகோவைச் சரிசெய்வதிலும் இருந்திருக்கிறான் பாவம்.

நாங்கள் யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ராப்பகலா உட்கார்ந்து செய்தவனிடம் போய் குறை சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

12 பேர், 14 நாள்

இது சொந்தமாக ஆப் செய்பவர்கள் எல்லாருக்கும் இப்போது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபராக டெவலப்பர் கணக்கு தொடங்கியவர்கள், ஆப்பை நேராகப் பொதுமக்களுக்கு வெளியிட முடியாது. முதலில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் வேண்டும் என்றிருந்தது. 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். இந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும்.

உடனே நம்ம ஆட்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ‘நீ என் ஆப்பை இன்ஸ்டால் பண்ணு, நான் உன்னோடதைப் பண்றேன்’ என்று டெலகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பரிமாற்றக் குழுக்கள் ஓடுகின்றன. எண்ணிக்கை நிறைவேறிவிடும். ஆனால், இன்ஸ்டால் செய்து மூலையில் போட்டுவைத்த 12 பேரிடமிருந்து தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? 14 நாள் முடிந்ததும் கூகுள் ஒரு படிவம் நீட்டும். டெஸ்ட்டர்கள் என்ன சொன்னார்கள், அதை எப்படிச் சேகரித்தீர்கள், அதனால் ஆப்பில் என்ன மாற்றினீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும்.

படிவத்தை விடுங்கள். இந்தச் சோதனைக் காலத்தில் டெஸ்ட்டர்கள் எழுதும் கருத்து உங்களுக்கு மட்டுமே தெரியும், ரேட்டிங்கில் ஏறாது. வெளியிட்ட பிறகு அதே குறை ஒற்றை நட்சத்திரமாக ஊர் பார்க்க நிற்கும். திட்டு வாங்குவதற்கு இதைவிட மலிவான காலம் கிடையாது.

ஜிமெயில் வளர்ந்த விதம்

முதல் பயனர்களை வைத்து வளர்ந்த மென்பொருளுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், உங்கள் போனிலேயே இருக்கிறது. கூகுளில் பால் புக்ஹைட் என்ற பொறியாளர், 2001-ல் ஜிமெயிலின் முதல் வடிவத்தை ஒரே நாளில் எழுதியிருக்கிறார். அது மெயில் சேவையே அல்ல. ஏற்கெனவே இருந்த கூகுள் குரூப்ஸ் கோடை எடுத்து, தன் மெயில்களை அதில் கொட்டி, தேட மட்டும் வழிசெய்திருந்தார். அதைச் சக ஊழியர்கள் சிலருக்குக் கொடுத்தார். ‘பரவாயில்லை, உபயோகமாத்தான் இருக்கு. ஆனா உன் மெயிலைத் தேடி நாங்க என்ன பண்றது, எங்க மெயிலைத் தேட முடிஞ்சா நல்லா இருக்கும்’ என்கிற மாதிரி பதில் வந்தது. அது இரண்டாவது வடிவம் ஆனது. தேட முடிந்ததும், அங்கிருந்தே பதிலும் அனுப்ப முடிந்தால் தேவலை என்றார்கள். அது மூன்றாவது.

பிறகு ஒரு இலக்கு வைத்தார்கள்: நிறுவனத்துக்குள்ளேயே 100 பேர் இதில் சந்தோஷமாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பொதுவாக ஒரு சர்வே லிங்க் அனுப்பிவிட்டு அவர்கள் உட்காரவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்து, உங்களுக்கு இது சரிப்பட்டுவர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். சிலர் கேட்டது மலையளவு வேலை; அவர்களை அப்போதைக்கு விட்டுவிட்டார்கள். சிலர் கேட்டது சின்ன மாற்றம்தான். அதைச் செய்தால் கணக்கில் ஒரு ஆள் கூடும். இப்படியே 100.

2004 ஏப்ரல் 1-ல் வெளியே வந்தபோதும், அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் கணக்கு. ‘பீட்டா’ என்ற சொல்லை லோகோவிலிருந்து எடுத்தது 2009 ஜூலையில். ஐந்து வருஷத்துக்கு மேல் ‘இன்னும் சோதனைதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது கொஞ்சம் ஓவர் என்பது என் கருத்து.

பிடிச்சிருக்கான்னு கேட்காதீங்க

புக்ஹைட் குழு கேட்டது போல ஒவ்வொருவராகக் கேட்கப் போகிறீர்கள். என்ன கேட்பீர்கள்? ‘ஆப் எப்படி இருக்கு?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். ‘இந்த வசதி வந்தா யூஸ் பண்ணுவீங்களா?’ என்றால் கண்டிப்பா என்பார்கள். ஜனவரி 1-ம் தேதி ஜிம்மில் சேருபவர்களும் கண்டிப்பா என்றுதான் சொல்கிறார்கள்.

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-ல் எழுதிய ‘தி மாம் டெஸ்ட்’ புத்தகத்தின் மையமே இதுதான். பெற்ற தாய்கூட மனம் நோகாமல் சொல்லத்தான் பார்ப்பார். அதனால் உங்கள் ஐடியாவைப் பற்றிக் கேட்காமல், அவர்கள் ஏற்கெனவே செய்ததைக் கேளுங்கள் என்கிறார். செலவுக் கணக்கு ஆப்பையே எடுத்துக்கொள்வோம். ‘போன மாசம் செலவை எங்க எழுதி வச்சீங்க?’, ‘கடைசியா எப்போ அதைத் திருப்பிப் பார்த்தீங்க?’ எங்கேயும் எழுதவில்லை, பார்க்கவும் இல்லை என்றால், அவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அவர் போடும் நெருப்பு எமோஜி நட்புக்காக.

கேட்பதைவிடப் பார்ப்பது இன்னும் நல்லது. போனை அவர் கையில் கொடுத்து, ‘இன்னிக்குக் குடிச்ச டீக்கு 15 ரூபா, இதுல போடுங்க’ என்று ஒரு வேலை சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். அவர் விரல் தவறான பட்டனுக்குப் போகும்போது ‘அங்க இல்ல, மேல’ என்று சொல்லத் துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை முடிந்தது. கடையில் நின்று ஆப்பைத் திறப்பவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை. எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் அப்பாவின் போனில் பட்டன் திரைக்கு வெளியே போவதெல்லாம் இப்படித்தான் கண்ணில் படும்.

இதற்கு நூறு பேர் தேவையில்லை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். இந்தக் கணக்கு எல்லா ஆப்புக்கும் பொருந்துமா என்ற வாதம் உண்டு. ஆனால், 15 பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போவது நல்லது என்று அவர் சொன்னது, காசில்லாமல் ஆப் செய்பவர்களுக்கு ரொம்பவே உதவும்.

யார் பேச்சைக் கேட்பது?

கேட்க ஆரம்பித்தால் அடுத்த தலைவலி. ஒருத்தர் டார்க் மோட் வேண்டும் என்பார், இன்னொருத்தர் வாய்ஸ் வேண்டும் என்பார். எல்லாவற்றையும் செய்தால் ஆப் கதம்பம் ஆகிவிடும்.

சூப்பர்ஹியூமன் என்ற மெயில் ஆப்பை உருவாக்கிய ராகுல் வோரா, 2017-ல் இதே இடத்தில்தான் நின்றார். இரண்டு வருஷம் கோட் எழுதியும் வெளியிடத் தைரியம் வரவில்லை. டிராப்பாக்ஸின் தொடக்க காலத்தில் அதன் மார்க்கெட்டிங்கைக் கவனித்த ஷான் எல்லிஸ் பயன்படுத்திய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: இனிமேல் இது இல்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மிகவும் ஏமாற்றம், ஓரளவு ஏமாற்றம், ஏமாற்றமில்லை என மூன்று பதில்கள். முதல் பதிலை 40 சதவீதம் பேராவது சொன்னால் பொருள் நிற்கும் என்பது எல்லிஸின் அனுபவக் கணக்கு. வோராவுக்குக் கிடைத்தது 22.

அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஏமாற்றமில்லை என்றவர்களின் ஆலோசனைகளை மரியாதையாக ஒதுக்கிவைத்தார். மிகவும் ஏமாற்றம் என்றவர்கள் யார், எதற்காக இதை விரும்புகிறார்கள் என்று பார்த்தார். வேகம் என்று வந்தது. பிறகு ‘ஓரளவு’ என்றவர்களில், அதே வேகத்தை விரும்பியும் ஏதோ ஒன்று தடுக்கிறது என்றவர்களை மட்டும் கவனித்தார். பெரிய தடை, மொபைல் ஆப் இல்லாதது. பாதி உழைப்பு விரும்புகிறவர்களுக்குப் பிடித்ததை இன்னும் மெருகேற்ற, மீதிப் பாதி இந்தத் தடைகளை நீக்க. மூன்று காலாண்டில் 22 என்பது 58 ஆனது.

12 பேர் பட்டியலில் சதவீதம் எல்லாம் பார்க்க முடியாது. கேள்வியை அப்படியே பயன்படுத்தலாம். மூன்றாம் நாளோடு ஆப்பைத் திறக்காமல் விட்டவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஒரு போன் போடலாம். குற்றம் சாட்டுகிற தொனி மட்டும் வேண்டாம்.

என் நண்பன் போன மாசம் செலவு ஆப்பின் புதுப் பதிப்பை அனுப்பினான். இந்த முறை குரூப்பில் இல்லை, எனக்குத் தனியாக. ‘நல்லா இருக்குன்னு சொல்லாத. எங்க நின்ன, அதை மட்டும் சொல்லு’ என்று எழுதியிருந்தான். ஓடிபி வந்தது. நேற்றைய செலவை எழுத தேதியை மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.