உங்களுக்குத் தெரியுமா? பாஸுக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது!

கார் டிக்கியில் இரண்டு சப்வூஃபர். ஒன்றுக்கு இடப்பக்கச் சத்தம், இன்னொன்றுக்கு வலப்பக்கச் சத்தம் என்று பிரித்துக் கொடுத்தால் அது ஸ்டீரியோ. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் மோனோ. ஸ்டீரியோதானே உசத்தி என்கிறீர்களா? டிக்கிக்குள் கதையே தலைகீழ்!

40 ஹெர்ட்ஸ் பாஸில் ஒரே ஓர் அலையின் நீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 8.6 மீட்டர்! நம்ம ஊர்ச் சின்னக் கார்கள் 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படி இரண்டு காரை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் ஓர் அலைக்கு இடம் பத்தாது!

உங்கள் இரண்டு காதுக்கும் இடையே சுமார் 17 சென்டிமீட்டர். அந்த அலையின் நீளத்தில் இது 50-ல் ஒரு பங்கு! இதை வைத்துக்கொண்டு, கண்ணாடியிலும் கதவிலும் மோதித் திரும்பும் பாஸ் எந்தப் பக்கம் பிறந்தது என்று காது எப்படிச் சொல்லும்?

'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் 1983-ல் பிறந்தது டி.எச்.எக்ஸ். என்ற ஒலித்தர முத்திரை. வீட்டுத் தியேட்டருக்கு அது போட்ட கோடு 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்கு!

அதே வீட்டுத் தியேட்டரில் 5.1 என்கிறோமே, அந்தப் புள்ளி ஒன்று என்ன? அதிர வைக்கும் பாஸுக்கென்றே ஒதுக்கிய தனிச் சேனல்! மற்ற ஐந்தும் திசைக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்க, குண்டு வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் சுமக்க ஒரே சேனல். இடம் வலம் பிரிக்கவே இல்லை!

அதைவிட ஆச்சரியம் இசைத்தட்டில்! ஸ்டீரியோ தட்டில் இடமும் வலமும் ஒன்றாக ஒலித்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். வேறுபட்டால் மேலும் கீழும் குதிக்கும். கனத்த பாஸை இரண்டு பக்கமும் வேறு வேறாகப் பதித்தால் ஊசி பள்ளத்தை விட்டே எகிறிவிடும்! அதனால் தட்டு வெட்டுகிறவர்கள் பாஸை மட்டும் மோனோவாக்கிவிடுவார்கள். ஸ்டீரியோ என்று எழுதி விற்ற தட்டு, அடியில் மோனோ!

ஸ்டீரியோவைக் கண்டுபிடித்தவர் ஆலன் ப்ளூம்லைன். இங்கிலாந்துக்காரர். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 28! ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளில் குவிந்தது 1958-ல். அவர் அதைப் பார்க்கவே இல்லை. 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 38தான்!

இன்றைய பாடல்களில் பெரும்பாலானவற்றில் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் நட்டநடுவில்தான். இடது வயரிலும் அதே பாஸ், வலது வயரிலும் அதே பாஸ்! ஸ்டீரியோவாகப் பிரித்தாலும் இரண்டு வூஃபரும் ஒன்றையேதான் பாடும்!

பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஸ்டீரியோ தட்டைப் போட்டுப் பாருங்கள். வருடம் 1965. பெரும்பாலான பாட்டுகளில் வாத்தியம் ஒரு பக்கம், குரல் மறுபக்கம்! இதை ஸ்டீரியோ வூஃபரில் கேட்டால் ஒன்று உழைக்கும், இன்னொன்று தூங்கும். காசு கொடுத்து வாங்கிய வூஃபர் தூங்கலாமா?

வாட்ஸ் கணக்குக்கு வாருங்கள், இதுதான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்று 4 ஓம் வூஃபருக்குச் சேனலுக்கு 75 வாட்ஸ் கொடுக்கிறது, 2 ஓமையும் தாங்கும் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் இரண்டு வூஃபருக்குமாக மொத்தம் 150. அதே ஆம்பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து), ஒரே 4 ஓம் வூஃபருக்குக் கொடுத்தால் கணக்குப்படி 300! ஆம்ப் மாறவில்லை, வயர்தான் மாறியது!

ஒரே வூஃபருக்குள் இரண்டு காயில் இருக்கும் வகையும் உண்டு! இரண்டும் 4 ஓம் என்றால், பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரீஸில் 8 ஓம். அப்படி இரண்டு வூஃபரை முழுக்கப் பேரலலாகப் போட்டால் வெறும் 1 ஓம்! 1 ஓமைத் தாங்கும் மோனோ ஆம்புக்கு இது கொண்டாட்டம். தாங்காத ஆம்பில் போட்டால் புகைதான்!

 

பாஸுக்கு ஏன் இத்தனை வாட்ஸ்? 1000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 2 டெசிபலிலேயே காதுக்குக் கேட்கும். 40 ஹெர்ட்ஸுக்கு 51 டெசிபல் வேண்டும். சக்தியில் இது 70,000 மடங்குக்கும் மேல்!

ஸ்டீரியோவுக்கு இடமே இல்லையா? உண்டு! டிக்கியில் அல்ல, முன்கதவுகளில். பக்கத்துக்கு ஒரு வூஃபர், பாஸைப் பிரிக்கும் கோடான கிராஸ்ஓவர் 100 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பிரித்துக் கொடுங்கள், பலன் தெரியும். டிக்கி வூஃபரை மட்டும் அவ்வளவு உயரத்தில் விடாதீர்கள். ஆண் குரலின் அடிச்சுருதியே சுமார் 85 ஹெர்ட்ஸில் தொடங்கிவிடுகிறது. 120-ல் வைத்தால் பாடகர் டிக்கிக்குள் உட்கார்ந்து பாடுவார்!

இரண்டு வூஃபரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால்? ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். பாஸ் மாயம்! ஆயிரக்கணக்கில் செலவழித்தும் தகரச் சத்தம்!

கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஆம்பிலிருந்து வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியின் பிளஸை அந்தப் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸ் வயரிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறிக் கிடக்கிறது. டிக்கியில் இரண்டு வூஃபர் வைத்திருக்கிறீர்களா? மோனோவில் இணைத்து, கிராஸ்ஓவரை 80-ல் வைத்து, கடையை விட்டு வண்டியை எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்!